நுனிப்புல் மேய்கிறவனுக்கும் வேலை இருக்கிறது

ஆசிரியருக்கு,

கேம்பஸ் இன்டர்வியூ சீசன் வந்தாலே மாணவர்களுக்கு எல்லோரும் சொல்லும் யோசனை ஒன்று உண்டு: ஒரே டெக்னாலஜியைப் பிடி, அதிலேயே ஆழமாகப் போ, நுனிப்புல் மேயாதே. நான் மேய்கிறவன். கொஞ்சம் பைத்தான், கொஞ்சம் ஜாவாஸ்கிரிப்ட், ஒரு வருடம் ஆண்ட்ராய்டு, அப்புறம் டேட்டாபேஸ். பழைய மேனேஜர் ஒருவர் அப்ரைசலில் "எதிலும் நிலையாக இல்லை" என்றே எழுதிவிட்டார். இப்போது அந்தக் குணத்துக்குத்தான் சம்பளம் வாங்குகிறேன்.

வேலையின் பெயர் டெவலப்பர் ரிலேஷன்ஸ், அதாவது கம்பெனியின் மென்பொருளை வைத்து புரோகிராம் எழுதும் வெளி ஆட்களுக்கு உதவும் வேலை. புதிதல்ல, 1980களிலேயே ஆப்பிளில் கை கவாசாகி என்பவர், எங்கள் மெக்கின்டாஷ் கம்ப்யூட்டருக்கு மென்பொருள் எழுதுங்கள் என்று மற்ற கம்பெனிகளிடம் பேசும் வேலையில் இருந்தார், பதவியின் பெயர் 'எவாஞ்சலிஸ்ட்', அதாவது நற்செய்தி பரப்புகிறவர். (என் வீட்டில் சொன்னபோது, எந்த சபை என்று கேட்டார்கள்.)

வெளியே தெரிவது மேடைப் பேச்சும் இலவச டி-ஷர்ட்டும்தான். ஆனால் எங்கள் ஏபிஐயை (வெளி புரோகிராம்கள் எங்கள் சேவையைப் பயன்படுத்த நுழையும் வாசல்) முதல்முறை தொடுகிறவர் எங்கே தடுக்கி விழுவார் என்று நானே முதலில் விழுந்து பார்ப்பதில்தான் பாதி நாள் போகிறது. எஸ்எம்எஸ் அனுப்பும் ஏபிஐயை எடுத்துக்கொள்ளுங்கள். ஆங்கிலத்தில் ஒரு செய்திக்கு 160 எழுத்து; நடுவில் ஒரே ஒரு தமிழ் எழுத்து வந்தாலும் அது 70 ஆகிவிடும். போதாக்குறைக்கு, 'தமிழ்' என்பது நம் கண்ணுக்கு 3 எழுத்து, கம்ப்யூட்டர் எழுத்துகளைக் குறிக்கும் யூனிகோடு கணக்கில் கொக்கியும் புள்ளியும் தனித்தனி, ஆக 5. 50 எழுத்துதானே என்று அனுப்பிய கடைக்காரருக்கு பெரும்பாலும் இரண்டு எஸ்எம்எஸ் காசு போயிருக்கும், ஏன் என்று அவருக்குப் புரியாது. எஸ்எம்எஸ்ஸைக் கரைத்துக் குடித்த இன்ஜினியருக்குத் தமிழ் தெரியாது, தமிழ் தெரிந்தவர் யூனிகோடு பக்கம் போகவில்லை. எனக்கு எல்லாமே அரைகுறை, அதனால்தான் பிடிபட்டது. டாக்குமென்ட்டில் நான்கு வரியும் ஒரு சாம்பிள் கோடும் சேர்த்தோம், அந்த நான்கு வரிக்கு டீமோடு ஒரு வாரம் மல்லுக்கட்டியது தனிக்கதை.

சொர்க்கம் என்று சொல்ல வரவில்லை. நான் எழுதிய நான்கு வரியால் கம்பெனிக்கு எவ்வளவு வருமானம் என்று யாரும் காட்ட முடியாது, அதனால் ஆட்குறைப்புப் பேச்சு வந்தால் பார்வை சீக்கிரம் எங்கள் பக்கம் திரும்பும். படித்து முடித்ததும் நேராக இதற்கு வருவதும் சரிப்படாது, சில வருடமாவது கோடு எழுதி, சர்வர் விழுந்துவிட்டது என்று ராத்திரி இரண்டு மணிக்குத் தூக்கத்திலிருந்து எழுந்திருக்க வேண்டும்.

அடுத்த முறை நீங்கள் வேலைவாய்ப்புப் பக்கம் போடும்போது இதற்கும் அரைப் பத்தி ஒதுக்கினால் நல்லது.

இப்படிக்கு,
ஒரு புரோகிராமர்,
வேளச்சேரி, சென்னை