செயலாளர் ஆண்டறிக்கை 2024–25: பிடிமண் முதல் சூளை வரை

தலைவர் அவர்களுக்கும், மண்ணைப் பிசைந்து சுட்டுப் பிழைக்கும் மூத்த வேளார் பெருமக்களுக்கும், சங்கத்து அண்ணன் தம்பிமார், அக்கா தங்கையர் எல்லோருக்கும் வணக்கம். 2024 ஏப்ரல் முதல் 2025 மார்ச் வரையிலான அறிக்கையை உங்கள் முன் வைக்கிறேன்.

முதலில் ஒரு துக்கச் செய்தி. கிழக்குத் தெருப் பெரியவர் மார்கழியில் நம்மை விட்டுப் போனார். ஒரு துளி மண்ணை நாக்கில் வைத்தே உவர் ஏறியிருக்கிறதா என்று சொல்லிவிடுவார். அய்யனார் கோயிலுக்கு நாம் செய்யும் ஆளுயரச் சுடுமண் குதிரைக்குக் கால் நான்கையும் எழுப்பி நிறுத்துவதை நம்மில் பாதிப் பேருக்குக் கற்றுக்கொடுத்தவர் அவர்தான். கூட்டம் தொடங்குமுன் அவருக்காக ஒரு நிமிடம் எழுந்து நிற்போம்.

செயற்குழு ஒன்பது முறை கூடியது. ஐப்பசி, கார்த்திகையில் மழை விடாததால் கூட முடியவில்லை. புதிதாக ஆறு பேர் சேர்ந்திருக்கிறார்கள். அவர்களில் நால்வர் பெண்கள். வரவு செலவைப் பொருளாளர் தனியாக வாசிப்பார்.

இந்த ஆண்டு நாம் அதிகம் பேசியது மண்ணைப் பற்றித்தான். சண்டை போட்டதும் அதைப் பற்றித்தான்.

சென்ற பேரவையில் ஒரு கோரிக்கை வந்தது நினைவிருக்கும். லாரியில் வரும் வெளியூர்க் களிமண்ணை வாங்கி எல்லோரும் ஒரே கலவையில் வேலை செய்தால் விரிசல் குறையும், நிறமும் ஒரே மாதிரி வரும் என்றார்கள். கேட்டவர்கள் வேலையில் நட்டப்பட்டவர்கள். அவர்கள் மேல் குறை சொல்ல மாட்டேன். ஆனால் முடிவு எடுக்குமுன் நம் மண்ணை நாமே சோதித்துப் பார்க்கலாம் என்று தலைவர் சொன்னார். அதன்படி வைகைக்கு வடக்கே மூன்று கண்மாய், தெற்கே இரண்டு கண்மாய், ஆக ஐந்து இடங்களில் மண் எடுத்தோம். ஒவ்வொன்றிலும் பத்து சென்டிமீட்டர் நீளத்தில் கட்டிகள் பிடித்து, நிழலில் உலர்த்தி, ஒரே சூளையில் வேகவைத்தோம்.

சூளையைப் பிரித்த காலையில் அங்கே இருந்தவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. ஒரே நெருப்பில் வெந்த ஐந்து மண்ணும் ஐந்து நிறமாக இருந்தன. ஆற்றுக்கு அருகிலுள்ள கண்மாயின் வண்டல் நல்ல செம்பருத்திச் சிவப்பு. அதில் இரும்புச் சத்து அதிகம். கரிசல் கலந்த தெற்குக் கண்மாய் மண் மங்கிய பழுப்பு. அது உலரும்போதே பத்துக்கு ஒன்றரை பங்கு சுருங்கி வெடிப்பு விட்டது. வடகோடிக் கண்மாய் மண் வெளிறி மஞ்சளோடியிருந்தது. அதில் சுண்ணாம்பு இருப்பது அப்போதே நமக்கு உறைத்திருக்க வேண்டும். உறைக்கவில்லை.

அந்த மண்ணில் செய்த இரண்டு குதிரைகள் சூளையிலிருந்து பழுதில்லாமல்தான் வந்தன. ஒரு மாதம் கழித்து, முதல் மழை ஈரம் பட்டதும், கழுத்திலும் முதுகிலும் காசு அளவில் சில்லு சில்லாகத் தெறிக்க ஆரம்பித்தது. ஒவ்வொரு பள்ளத்தின் அடியிலும் வெள்ளைப் புள்ளி. மண்ணில் கிடந்த சுண்ணாம்புக் கட்டியான சுக்கான் கல் சூளையில் வெந்து சுட்ட சுண்ணாம்பாகி, பிறகு ஈரத்தை உறிஞ்சி உப்பி, மேல் மண்ணைத் தள்ளிவிட்டது. அந்த மண்ணைக் கரைத்துத் துணியில் வடிகட்டாமல் விட்டது என் பொறுப்பில் நடந்த தவறு. இரண்டு குதிரைகளுக்கும் பதிலாக வேறு செய்துகொடுத்தோம். இனி அந்தக் கண்மாய் மண்ணைக் கரைத்து வடிக்காமல் யாரும் மிதித்துப் பிசைய வேண்டாம். சிறு உருவங்களைச் சுட்டு ஆறியதும் தண்ணீரில் முக்கி எடுத்தால் தெறிப்பு குறையும் என்று செங்கல் சூளைக்காரர்கள் சொன்னார்கள். செய்து பார்த்தோம், பலன் தெரிகிறது.

இத்தனைக்கும் பிறகு வெளியூர் மண் வேண்டாம் என்றே செயற்குழு முடிவெடுத்தது. மூவர் ஒப்பவில்லை, அதையும் பதிவு செய்கிறேன். என் மனதில் பட்டதை இங்கே சொல்கிறேன். மானாமதுரை மண்பாண்டத்துக்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அந்தக் குறியீடு ஊரின் பேருக்கு மட்டும் வந்ததில்லை, இந்த மண்ணுக்கும் இந்தக் கைக்கும் சேர்த்து வந்தது. மண்ணை வெளியிலிருந்து இறக்கிவிட்டு ஊர்ப் பேரை மட்டும் எப்படி ஒட்டுவது?

மண் குதிரை செய்து அய்யனார் கோயிலில் சேர்க்கும் புரவி எடுப்பு வழக்கமும் இதைத்தானே சொல்கிறது. ஊரார் வெற்றிலை பாக்கு தேங்காயோடு வந்து, அய்யனார் எல்லையில் ஒரு கைப்பிடி மண் எடுத்து வேளார் கையில் கொடுக்கிறார்கள். அந்தப் பிடிமண்ணைக் களிமண்ணில் சேர்த்துப் பிசைந்த பிறகுதான் குதிரைக்குக் கால் எழும்புகிறது. மண்ணில் ஆற்று மணலும் உமியும் சேர்க்கிறோம். உமி சூளையில் எரிந்து நுண்ணிய துளை விடுகிறது. ஈரம் ஆவியாகிப் போக வழி கிடைக்கிறது. கனத்த உடம்பு வெடிக்காமல் நிற்கிறது. அந்த உமி, மண் எடுத்த கண்மாயின் பாசனத்தில் விளைந்த நெல்லின் உமி. விறகு நம் காட்டுச் சீமைக்கருவேலம். குதிரையைப் பார்க்கிறவர் கண்ணில் இவையெல்லாம் தனித்தனியாகப் படாமல் போகலாம். ஆனாலும் அந்த நிறமும் சொரசொரப்பும் வேறு ஊரில் வராது.

திருப்புவனம் பக்கத்து ஊர் ஒன்றில் இந்த ஆண்டு சிமென்ட் குதிரை வைப்பதாக இருந்தார்கள். ஒரு முறை செலவழித்தால் போதும் என்பது அவர்கள் வாதம். தலைவரும் நானும் இரண்டு நடை போய்ப் பேசினோம். பழைய குதிரைகள் பொட்டலில் மழையில் சிதைந்தும் உடைந்தும் மண்ணோடு மண்ணாகக் கிடப்பது அவர்களுக்கு வருத்தம். அது குறை இல்லை, அடுத்த எடுப்பில் ஊர் மறுபடி கூடி மண் கொடுக்க அதுவே காரணமாகிறது என்று சொன்னோம். அந்த ஊர்ப் பெரியம்மா ஒருவர் எங்கள் பக்கம் பேசினார்கள். கடைசியில் ஏழு மண் குதிரைகளுக்குப் பிடிமண் கொடுத்தார்கள். ஏழும் நல்லபடியாகக் கோயில் சேர்ந்தன.

ஆவணியில் கீழடி அருங்காட்சியகத்துக்கு எல்லோரும் போய்வந்தோம். ஆதன் என்றும் குவிரன் ஆதன் என்றும் பழைய தமிழி எழுத்தில் ஆள் பெயர் கீறிய பானை ஓடுகளை நம் பிள்ளைகள் முதல்முறையாக நேரில் பார்த்தார்கள். அங்குள்ள பானைகள் உள்ளூரில் கிடைத்த மூலப்பொருளால் செய்யப்பட்டவை என்று 2019இல் மாநிலத் தொல்லியல் துறை வெளியிட்ட அறிக்கை சொல்கிறது. கருப்பு சிவப்பு ஓடு ஒன்றின் முன் நம் மூத்த உறுப்பினர் வெகுநேரம் நின்றார். "இந்த வழவழப்பு கூழாங்கல்லால தேச்சதுதான்" என்று மட்டும் சொன்னார்.

அந்தப் பயணத்துக்குப் பிறகுதான் புதிய உறுப்பினர்களில் ஒரு தங்கை மடை உருவம் செய்தார். இரண்டு கல்தூணும் குறுக்குக் கல்லுமாகக் கண்மாய் மடை நிற்கும் கோலத்தை, அந்தக் கண்மாயின் மண்ணிலேயே முழங்கை உயரத்தில் செய்திருக்கிறார். அடிப்பகுதியில் கோடையில் பாளம் பாளமாக வெடித்த கண்மாய்த் தரை. நத்தைக்கூட்டை அழுத்தித் தடம் பதித்து, சுடுமுன் கூட்டை எடுத்துவிட்டார், கூடும் சுண்ணாம்புதானே. குதிரையும், மதலை என்னும் குழந்தை உருவமும் தவிர நம் மண்ணில் வேறு என்ன சொல்லலாம் என்று கேட்டுக்கொண்டிருந்த எனக்கு இது பெரிய சந்தோஷம். சங்கக் கொட்டகையில் வைத்திருக்கிறோம், எல்லோரும் பார்க்க வேண்டும்.

மண் அனுமதி பற்றிச் சில வார்த்தை. கண்மாயில் மண் எடுக்க வட்டாட்சியர் அளவிலேயே அனுமதி பெறலாம் என்று 2024இல் அரசு விதியை எளிதாக்கியது. நமக்கு நல்ல செய்தி. ஆனால் ஓர் அலுவலகத்தில் நம் விண்ணப்பம் பங்குனி வரை நகரவில்லை. அதற்குள் வேறு யாரோ இயந்திரம் விட்டு ஆழமாக வெட்டி, மேல்படிந்த நல்ல வண்டலை அள்ளிப் போய்விட்டார்கள். நமக்கு வேண்டியது மேலே ஒரு முழம் மண்தான். வருகிற ஆண்டில் தை பிறந்ததுமே விண்ணப்பம் கொடுத்துவிட வேண்டும்.

இனி ஒவ்வொரு உருவத்தின் அடியிலும் செய்தவர் பெயரோடு கண்மாயின் பெயரையும் பச்சை மண்ணிலேயே கீறிவைக்க வேண்டும் என்ற தீர்மானத்தை உங்கள் ஒப்புதலுக்கு வைக்கிறேன்.

அடுத்த பிடிமண் வைகாசி இரண்டாம் வெள்ளிக்கிழமை. காலை ஆறு மணிக்கே கண்மாய்க் கரைக்கு வந்துவிடுங்கள். மண்வெட்டி சங்கத்தில் இருக்கிறது. கூடையும் வடிகட்டும் துணியும் அவரவர் கொண்டுவரவும்.

இப்படிக்கு,
செயலாளர்