வாசலில் மேசை போடலாம், டேப்பை வைத்து அளந்துவிட்டு

ஆசிரியர் அவர்களுக்கு,

கடைவீதி உணவகங்கள் வாசலில் மேசை போட்டுக்கொள்ள அனுமதிக்கலாமா என்று வாசகர்கள் எழுதிவரும் கடிதங்களைப் பார்க்கிறோம். தெரு கலகலப்பாகிறது என்கிறார் ஒருவர். நடக்க வழியில்லை என்கிறார் இன்னொருவர். ஒரே தெருவில் இரண்டுமே உண்மையாக இருக்கலாம். மேசை எந்தப் பக்கம் திரும்பி நிற்கிறது என்பதுதான் கேள்வி.

கணக்கைப் பாருங்கள். 70 செ.மீ. மேசை. சுவர்ப் பக்கம் ஒரு நாற்காலி, தெருப் பக்கம் ஒரு நாற்காலி. ஆள் உட்கார்ந்து சற்றுப் பின்னால் தள்ளிக்கொண்டால் நாற்காலி ஒவ்வொன்றும் 60 செ.மீ. பிடிக்கும். ஆக, 190 செ.மீ. போய்விட்டது. நடைபாதை 3 மீட்டர் என்றால் மிச்சம் 110. அதே மேசையைச் சுவரோடு ஒட்டி, நாற்காலிகளை இடமும் வலமுமாகப் போட்டால் 70 செ.மீட்டரில் வேலை முடியும். நடப்பவருக்கு 230 கிடைக்கும். ஒரு சக்கர நாற்காலி போகக் குறைந்தது 90 செ.மீ. வேண்டும். இரண்டு எதிரெதிரே வந்தால் குறைந்தது 150 வேண்டும், 180 இருந்தால் நிம்மதி. விண்ணப்பத்தோடு வரும் வரைபடங்களில் நாற்காலி எப்போதும் மேசைக்கு அடியில் சமர்த்தாக நுழைந்திருக்கும். அளக்க வேண்டியது இரவு எட்டு மணிக் கூட்டத்தில். விளக்குக் கம்பம், மின்பெட்டி, மரத்தைச் சுற்றிய குழி ஆகியவற்றையும் கழித்த பிறகு மிஞ்சுவதுதான் நடைபாதை.

எல்லைக்குக் கயிறு கட்டுவதை அடியோடு விலக்க வேண்டும். பார்வையற்றவரின் கோல் தரையை ஒட்டித் துழாவுகிறது. இடுப்பளவில் தொங்கும் கயிறு அதற்கு அகப்படாது. தடுப்பின் கீழ்ச்சட்டம் தரையிலிருந்து ஒரு சாணுக்குள் இருந்தால் கோல் தட்டும். குடையின் விளிம்பு 2.1 மீட்டருக்குக் கீழே இறங்கக் கூடாது.

வண்டி நிறுத்தும் இடத்தில் மேடை கட்டி மேசை போடுவது வேறு விவகாரம். மழைநீர் ஓடுவது நடைபாதை விளிம்புக் கல்லை ஒட்டித்தான். மேடை அதன்மேல் படுத்துவிட்டால் இலையும் காகிதக் குவளையும் அடியில் சிக்கி, முதல் பெருமழையிலேயே தண்ணீர் கடைக்குள் திரும்பும். விளிம்பை ஒட்டி 15 செ.மீ. வாய்க்கால் திறந்திருக்க வேண்டும். மேலே உள்ள பலகைகள் கையால் கழற்றக்கூடியவையாக இருக்க வேண்டும். ஆணி அடித்துவிட்டால் துப்புரவு நின்றது, எலி குடியேறியது என்று பொருள். மேடையின் மட்டமும் நடைபாதை மட்டமும் ஒன்றாக இருக்கட்டும்; சிறு ஏற்றத்தாழ்வும் இடைவெளியும்கூடச் சக்கர நாற்காலியின் சிறு சக்கரத்தைப் பிடித்துக்கொள்ளும். தெருமுனையிலிருந்து 6 மீட்டருக்குள் மேடை கூடாது, திரும்பும் ஓட்டுநருக்குச் சாலை கடப்பவர் தெரியமாட்டார்.

சமையல் வாயு சிலிண்டரை வெளியே வைப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அந்த வாயு காற்றைவிடக் கனமானது. கசிந்தால் மேலே போய்க் கலையாமல் மேடைக்கு அடியிலும் வடிகாலிலும் போய்த் தேங்கும். வடிகால் மூடிக்குப் பக்கத்தில் சிலிண்டர் இருக்கவே கூடாது. தீயணைப்பு வண்டிக்கான 6 மீட்டர் வழியும், தீயணைப்பவர்கள் தண்ணீர் எடுக்கும் குழாய் முனையைச் சுற்றி 1 மீட்டரும் எந்தக் காரணத்துக்காகவும் குறையக் கூடாது.

நியூயார்க்கில் 2020இல் தொற்றுக் காலத்தில் அவசரமாக அனுமதித்த தெரு மேடைகள் பல, மெல்ல மெல்ல நாலு பக்கமும் சுவர் வைத்த கொட்டகைகளாயின. காற்றுக்காக வெளியே வந்தவர்கள் மறுபடி மூடிக்கொண்டார்கள்! 2023இல் வந்த சட்டம், சாலையில் போடும் அமைப்புகளை ஏப்ரல் முதல் நவம்பர் வரை மட்டும் அனுமதித்தது. திறந்தவெளியாகவே இருக்க வேண்டும் என்ற விதியும் வந்தது. எதையும் கழற்றிச் சேமிக்கும்படி முதலிலேயே வடிவமைக்க வேண்டும் என்பதற்கு இதுவே போதும்.

"எரிபொருள் வரி கட்டுகிறோம், எங்கள் பார்க்கிங் இடத்தை எடுக்கலாமா" என்ற கடிதத்துக்கும் ஒரு வார்த்தை. எரிபொருள் வரி வண்டி ஓடினால்தான் வசூலாகிறது. மணிக்கணக்கில் நிற்கும் வண்டி அந்த நேரத்துக்கு ஒரு காசும் தருவதில்லை. மின்சார வண்டிக்கு அந்த வரியே கிடையாது. அதற்காக உணவகத்துக்கு இடத்தை இலவசமாகத் தருவதும் நியாயமில்லை. சதுர மீட்டர், மாதம் இரண்டையும் பெருக்கிக் கட்டணம் வாங்கட்டும்; அந்தப் பணம் அதே தெருவின் வடிகாலுக்கும் நடைபாதைக்கும் போகட்டும்.

அனுமதித்த இடத்தின் நான்கு மூலைகளிலும் தரையில் பெயின்ட் அடையாளம் இருக்கட்டும். வரைபடம் வாசல் கண்ணாடியில் ஒட்டப்பட்டிருக்கட்டும். கோட்டுக்கு வெளியே நாற்காலி வந்தால், அதிகாரி வருவதற்கு முன்பே பரிமாறுபவர் இழுத்து உள்ளே போட்டுவிடுவார்.

இப்படிக்கு,
சாலை வடிவமைப்புப் பணியில் உள்ள வாசகர்கள் சிலர்