மொட்டை மாடி இல்லாதவர்களின் கரண்ட் பில்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழில் வீட்டு சோலார் பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். மாடியில் பேனல் போட்டால் கரண்ட் பில்லைப் பற்றிய கவலையே இருக்காது என்று எழுதியிருந்தீர்கள். போட்டவன் என்ற முறையில் சொல்கிறேன், அது உண்மைதான். ஆனால் நான் கட்டாமல் விட்ட பணம் யார் தலையில் விழுகிறது என்பதைக் கட்டுரை தொடவே இல்லை.

எங்கள் வீடு சேலம் அஸ்தம்பட்டியில். மாடியில் 3 கிலோவாட் பேனல். மத்திய அரசின் சூர்ய கர் திட்டத்தில் 78,000 ரூபாய் மானியம் கிடைத்தது. அதற்கு மேல் லட்ச ரூபாய்க்குக் குறையாமல் கைக்காசு. இங்கே அடிக்கிற வெயிலுக்கு ஒரு கிலோவாட்டில் நாளுக்குச் சராசரியாக 4 யூனிட் வரும். (எங்களுடையது பேட்டரி இல்லாமல் மின்வாரிய லைனோடு இணைத்தது. கரண்ட் போனால் இந்த வகை சோலாரும் கூடவே நின்றுவிடும். லைனில் வேலை செய்பவருக்கு ஷாக் அடிக்கக் கூடாது என்பதற்காக அப்படி வைத்திருக்கிறார்கள். விற்க வருபவர்கள் இதை மட்டும் கடைசியில்தான் சொல்வார்கள்.)

முன்பெல்லாம் எங்களுக்கு இரண்டு மாதத்தில் 700 யூனிட் தாண்டும். நம் மாநிலக் கட்டணம் படிப்படியாக ஏறுவது. முதல் 100 யூனிட் இலவசம், மொத்தம் 500க்குள் இருந்தால் அடுத்த நூறு இரண்டரை ரூபாய்க்குள். 500ஐத் தாண்டினால் எட்டு ரூபாய்க்கு மேல், 600ஐத் தாண்டினால் ஒன்பதுக்கும் மேல். சோலார் வந்ததும் பில்லிலிருந்து முதலில் கழிவது உச்சியில் இருக்கும் அந்த எட்டு, ஒன்பது ரூபாய் யூனிட்தான். கீழ்ப்படிகளின் சலுகையில் ஒரு பகுதியை அரசு தருகிறது. மீதியைத் தாங்குவது தொழிற்சாலை, கடை, அப்புறம் எங்களைப் போன்ற மேல்படி வீடுகள். வசதியுள்ளவர்கள் ஒவ்வொருவராக மேல்படியிலிருந்து இறங்கிக்கொண்டால் அந்தச் சுமை எங்கே போகும்? எத்தனை யூனிட் எடுத்தாலும் கட்ட வேண்டியிருந்த நிலைக்கட்டணத்தையும் வீடுகளுக்கு 2022லேயே எடுத்துவிட்டார்கள். ஆகவே கம்பம், டிரான்ஸ்பார்மர், லைன்மேன் சம்பளம் எல்லாமே பெரும்பாலும் யூனிட் விலைக்குள்தான் இருக்கின்றன.

இன்னொன்று. நான் நண்பகலில் மின்வாரிய லைனுக்குக் கொடுக்கும் ஒரு யூனிட்டுக்கு ஈடாக ராத்திரி ஏசிக்கு ஒரு யூனிட் எடுத்துக்கொள்கிறேன். தை அறுவடையில் ஒரு மூட்டை நெல்லைக் கொடுத்துவிட்டு, ஆடியில் அதே ஒரு மூட்டையைத் திருப்பி வாங்குவது மாதிரி இது. நண்பகலில் ஊரெல்லாம் சோலார் ஓடுவதால் மின்சாரம் மலிவு. சூரியன் இறங்கியதும் மேட்டூர் போன்ற அனல் நிலையங்கள் நிலக்கரியை எரித்தாக வேண்டும்; போதாததைச் சந்தையில் அதிக விலைக்கு வாங்க வேண்டும். அந்த வித்தியாசத்தை நான் கொடுப்பதில்லை.

இப்போது அம்மாப்பேட்டையில் வாடகைக்கு இருப்பவரைப் பாருங்கள். மொட்டை மாடி வீட்டுக்காரருடையது, பேனல் போட இவருக்கு உரிமை இல்லை. பல வீடுகளில் தனி சர்வீஸ், அதாவது தனி மின் இணைப்புகூடக் கிடையாது. சப் மீட்டர் வைத்து, யூனிட்டுக்கு இவ்வளவு என்று வீட்டுக்காரர் சொல்வதைக் கொடுக்க வேண்டும், 100 யூனிட் இலவசம் இவர் கைக்கு வருவதே இல்லை. தனி சர்வீஸ் இருந்தாலும், எட்டுப் பேர் உள்ள கூட்டுக் குடும்பம் கோடையில் 500ஐத் தாண்டினால், 101 முதல் 200 யூனிட் வரை கிடைத்த சலுகையும் சேர்ந்து போய்விடும். ஒரே ஒரு யூனிட் கூடினாலும் பில் 200 ரூபாய்க்கு மேல் எகிறும். மீட்டர் தலைகளை எண்ணுவதில்லையே. ஏற்காட்டு மலைக் கிராமங்களில் ஓட்டு வீடு, சில்வர் ஓக் நிழல், மாதக்கணக்கில் மூடுபனி. அங்கே பேனல் போட்டும் பெரிய பலன் இருக்காது.

இதற்காக 100 யூனிட்டை நிறுத்துங்கள், சோலார் மானியத்தை வெட்டுங்கள் என்று நான் சொல்லவில்லை. டெல்லியில் 2019லேயே ஒரு வழி கொண்டுவந்தார்கள். ஓரிடத்தில் பொதுவாகப் பேனல் வைத்து, பலர் பங்கு போட்டுக்கொள்ளலாம்; அவரவர் பங்குக்கு உற்பத்தியான யூனிட் அவரவர் பில்லில் கழியும். இங்கேயும் மாநகராட்சிக் கட்டடங்கள், அரசுப் பள்ளிகள், பேருந்து நிலையக் கூரைகள் எவ்வளவு கிடக்கின்றன! அரை கிலோவாட் பங்கு என்றால் வாடகைக்காரரும் தவணையில் வாங்கிவிடுவார். அம்மாப்பேட்டையிலிருந்து சூரமங்கலத்துக்கு வீடு மாறினால் பங்கைப் புதிய சர்வீஸ் நம்பருக்கு மாற்றிக் கொடுக்க வேண்டும், அவ்வளவுதான். சப் மீட்டரில் இருப்பவர்களுக்கு முதலில் தனி இணைப்பு வாங்கிக் கொடுத்தாக வேண்டும். அது இதைவிடப் பெரிய சண்டை.

பெரிய அளவில் சோலார் வைத்திருப்பவர்களிடம் ராத்திரி எடுக்கும் யூனிட்டுக்குக் கொஞ்சம் கூடுதலாக வாங்கலாம். 3 கிலோவாட்காரர்களிடமும் கேட்டால் நான் தரத் தயார். வீட்டில் இதற்கு இன்னும் சம்மதம் வாங்கவில்லை.

அடுத்த முறை சோலார் பற்றி எழுதும்போது, மாடி வைத்திருப்பவரோடு சேர்த்து அந்த வீட்டில் வாடகைக்கு இருப்பவரிடமும் பேசி எழுதுங்கள்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
அஸ்தம்பட்டி, சேலம்