முதலில் அகத்தி, பிறகுதான் கொடி

டெல்டா மாவட்டங்களில் உயிரியல் பூங்காவோ தாவரப் பூங்காவோ நடத்துகிற, இனிமேல் தொடங்கத் திட்டம் போடுகிற வனத்துறை, மாநகராட்சி, நகராட்சி அதிகாரிகளுக்கு,

வணக்கம்.

நான் திருவையாற்றுப் பக்கத்துக்காரன். அப்பா வெற்றிலைக் கொடிக்கால் வைத்திருந்தார். பிழைப்புக்காக வெளிமாநிலம் போய், அங்கே பெரிய உயிரியல் பூங்கா ஒன்றில் விலங்குகளுக்கும் செடிகொடிகளுக்கும் சேர்த்துப் பொறுப்பாக இருந்து, ஓய்வுபெற்று, மறுபடியும் ஆற்றங்கரைக்கே வந்துவிட்டேன். என்ன வேலை பார்த்தீர்கள் என்று ஊரில் கேட்டால் ஜூவில் என்பேன். "புலிக்குச் சாப்பாடு போட்டீங்களா?" என்பதுதான் அடுத்த கேள்வி. கணக்குப்பிள்ளை வேலை என்று சொல்லி நழுவிவிடுவேன். அது முழுப்பொய்யும் இல்லை.

நம் பக்கமும் ஒரு ஜூ வேண்டும் என்ற பேச்சு டீக்கடையில் அடிக்கடி எழுகிறது. பேச்சு எழுந்ததும் சிங்கம் வருமா, வரிக்குதிரை வருமா என்று பட்டியல் போட ஆரம்பித்துவிடுகிறார்கள். டீக்கடையில் போடட்டும். உங்கள் மேசையிலும் கோப்பு அந்தப் பட்டியலோடுதான் தொடங்குமோ என்பது என் பயம். என் வேண்டுகோள் ஒன்றுதான். விலங்கை எழுதுவதற்கு முன் மரத்தை எழுதுங்கள். இரண்டையும் ஒரே ஆளின் பொறுப்பில் வையுங்கள்.

ஏன் என்று சொல்ல, நான் தலைகுனிந்த ஒரு நாளைச் சொல்ல வேண்டும்.

நான் வேலை பார்த்த இடத்தில் முதலில் விலங்குப் பிரிவு என்னிடமும் தோட்டப் பிரிவு இன்னொருவரிடமும் இருந்தன. ஏதோ ஒரு விழாவுக்காக அழகுபடுத்த டெண்டர் விட்டார்கள். கான்ட்ராக்டர் புள்ளிமான் அடைப்பிடத்தின் வேலியை ஒட்டி அரளியை வரிசையாக நட்டார். நன்றாகத்தான் பூத்தது. அடுத்த வருடம் கவாத்து செய்தபோது, புதிதாக வந்த கூலியாள் ஒருவர், பச்சைத் தழையை வீணாக்குவானேன் என்று வெட்டிய கிளைகளை வேலிக்கு உள்ளே வாரிப் போட்டுவிட்டார். மறுநாள் காலை மூன்று மான்கள் கிடந்தன. பிரேதப் பரிசோதனையில் இரைப்பைக்குள் அரளி இலை. விசாரணையில் தோட்டப் பிரிவுக்காரர், "அரளி என் பதிவேட்டில் இருக்கிறது, மான் இல்லை" என்றார். என் முறை வந்தபோது நானும் அதையே திருப்பிப் போட்டுச் சொன்னேன். மான் என் பதிவேட்டில் இருக்கிறது, அரளி இல்லை. இரண்டு பேர் சொன்னதும் உண்மை. எங்கள் ஊரில் ஆடு மேய்க்கிற பையனுக்குக் கூட அரளியைத் தெரியும். அவனிடம் ஆட்டுக்கு ஒரு பதிவேடு, வேலிக்கு ஒரு பதிவேடு கிடையாது.

அதற்குப் பிறகுதான் இரண்டு பிரிவையும் சேர்த்து என்னிடம் தந்தார்கள். அன்றைக்கு எனக்கு நினைவுக்கு வந்தது அப்பாவின் கொடிக்கால். வெற்றிலை போடுகிறவர் முதலில் வெற்றிலையை நடுவதில்லை. பார் எடுத்து அகத்தி விதைத்து, அது ஆள் உயரம் வந்து நிழல் கொடுத்த பிறகுதான் கொடி வைப்பார். கொடியை நாரால் அகத்தியோடு கட்டுவார். அகத்தி மிஞ்சி வளர்ந்தால் தலையை வெட்டுவார். வெட்டிய கீரை வீட்டு மாட்டுக்குப் போகும். அகத்தி எத்தனை, கொடி எத்தனை, எது பட்டுப்போனது என்று எல்லாக் கணக்கும் அவர் மண்டைக்குள் இருக்கும். ஜூவில் இதற்குச் சேகரிப்பு மேலாண்மை என்று பெரிய பெயர்.

டெல்டாவின் தலைமாட்டிலேயே இதற்கு நல்ல உதாரணம் இருக்கிறது. ஸ்ரீரங்கம் மேலூரில், காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவில், 2015இல் திறந்த வண்ணத்துப்பூச்சிப் பூங்கா. அங்கே பூச்சியைப் பிடித்துக் கொண்டுவந்து விடுவதால் ஒன்றும் நடக்காது. எருக்கு இருந்தால் வெந்தய வரியன் என்ற வண்ணத்துப்பூச்சி வரும். கறிவேப்பிலையும் எலுமிச்சையும் இருந்தால் அவற்றின் இலையில் முட்டையிடுகிற கூட்டம் தனியாக வரும். ஈஸ்வரமூலிக் கொடி இருந்தால் சிவப்பு உடம்புக்காரி வருவாள். கிலுகிலுப்பையும் தேள்கொடுக்கும் முட்டையிடுவதற்கு அல்ல, ஆனாலும் அவை காய்ந்த இடத்தில் ஆண் வரியன்கள் மொய்த்துக் கிடக்கும். அந்தச் சாறு இல்லாமல் அவற்றால் பெண்ணைக் கவர முடியாது. மூன்று மானைக் கொன்ற அதே அரளியின் இலையைத் தின்று வளர்கிற புழுவும் உண்டு. எந்தச் செடி எந்த வேலிக்கு எந்தப் பக்கம் என்பதுதான் கேள்வி. தமிழ் மறவனை மாநில வண்ணத்துப்பூச்சியாக 2019இல் அறிவித்த பிறகு, அதை இங்கேயும் கொண்டுவந்து விடலாமே என்று ஒரு நண்பர் கேட்டார். அது மேற்குமலைக் காட்டுப் பூச்சி. அதன் புழுவுக்கு நீரடிமுத்து மர இலை வேண்டும், மலைக்காட்டின் ஈரம் வேண்டும். ஆசை மட்டும் போதாது.

பெரிய விலங்குக்கு வருவோம். 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் பிறகு செய்த திருத்தத்தின் வழியாக 1992இல் மத்திய உயிரியல் பூங்கா ஆணையம் வந்தது. 2009 விதிகள் பிறப்பு, இறப்பு, வரவு, மாற்றல் எல்லாவற்றுக்கும் கணக்குக் கேட்கின்றன. விலங்கு செத்தால் பிரேதப் பரிசோதனை உண்டு. வாரத்தில் ஒரு நாள் பார்வையாளருக்குக் கதவடைப்பும் உண்டு. எல்லாம் நல்ல விதிகள். ஆனால் அதே பூங்காவில் நூறு வயது மரம் ஒன்று பட்டுப்போனால் என்ன நடக்கும்? விறகுக்கு ஏலம் விடுவார்கள். ஏன் பட்டது, வேரில் என்ன, கீழே யார் கான்கிரீட் போட்டது என்று ஒரு வரி இருக்காது. தாவரவியல் தோட்டங்களில் ஒவ்வொரு செடிக்கும் வரவு எண், விதை எங்கிருந்து எப்போது வந்தது என்ற குறிப்பு, தகட்டுச் சீட்டு எல்லாம் உண்டு. அந்த வழக்கத்தை ஜூவுக்குள் கொண்டுவாருங்கள் என்றுதான் கேட்கிறேன்.

கணக்கு இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு நம் நாட்டுச் சிங்கங்களே சாட்சி. காட்டில் ஆசியச் சிங்கம் மிஞ்சியிருப்பது குஜராத்தின் கிர் பக்கம் மட்டும். ஒரு காலத்தில் இந்தியப் பூங்காக்கள் சிலவற்றில் ஆப்பிரிக்கச் சிங்கத்தோடு அதைச் சேர விட்டுவிட்டார்கள். பிறந்த குட்டிகள் இரண்டு கணக்கிலும் சேராதவை. கடைசியில் அவற்றுக்குக் கருத்தடை செய்து, ஆயுள் முடியும் வரை தீனி போட்டுக் காத்திருக்க வேண்டியதாயிற்று. அந்தச் சிங்கங்கள் செய்த குற்றம் ஒன்றும் இல்லை. உலக அளவில் ஜூக்காரர்கள் பொதுவாக வைத்துக்கொள்ளும் இலக்கு, ஓர் இனத்தின் மரபுவேறுபாட்டில் 90 விழுக்காட்டை 100 ஆண்டுகளுக்குக் காப்பது. எந்தக் குட்டி எந்தத் தாய்க்கு என்று எழுதாத இடத்தில் இந்தப் பேச்சையே எடுக்க முடியாது.

புள்ளிமான் விஷயம் வேறு மாதிரி. சிறுவயதில் தஞ்சாவூர் சிவகங்கைப் பூங்காவில் மான் பார்க்கப் போனவர்களில் நானும் ஒருவன். அந்த நினைப்பில், நாலு மான் போதும், குழந்தைகள் பார்க்கும் என்று ஊருக்கு ஊர் கேட்பார்கள். நாலு மான் நாலாக நிற்காது. எட்டு மாதத்துக்குள் ஒரு குட்டி. கிடாவைப் பிரித்து வைக்க இடம் ஒதுக்காவிட்டால் சில வருடத்தில் அடைப்பிடம் மாட்டுச்சந்தை ஆகிவிடும். கூடுதல் மானை வாங்கிக்கொள்ள எந்தப் பூங்காவும் தயாராக இருக்காது, ஏனென்றால் அவர்களிடமும் அதே கூட்டம்தான்.

இனி நம் மண்ணுக்கு வருகிறேன், இதில் கொஞ்சம் நீளமாகப் பேசிவிடுவேன். வெளியூர்க் கட்டடக்கலைஞர்கள் வரைகிற படத்தில் விலங்குக்கும் பார்வையாளருக்கும் நடுவே உலர்ந்த அகழி இருக்கும். களிமண்ணில் ஐப்பசி அடைமழையில் அந்த அகழி எத்தனை நாள் உலர்ந்திருக்கும்? தண்ணீர் நிறைந்தால் அது தடுப்பாக இருக்காது, நீந்திப் போகிற வழியாகிவிடும். சேற்றிலேயே நின்றால் மான் வகைக்குக் குளம்பு அழுகும். மேடு எங்கே, வடிகால் எங்கே என்று பார்க்காமல் வெளிமானைக் கேட்காதீர்கள். கோடியக்கரையில் அது மணல்மேட்டுப் புல்வெளியில் வாழ்கிறது. 1967 முதல் சரணாலயமாக இருக்கும் அங்கேயே சீமைக்கருவேல் அந்தப் புல்வெளியை விழுங்கிக்கொண்டு வருகிறது. செடியைக் கவனிப்பதுதான் அங்கே மானைக் காப்பாற்றுவது.

தீவனம் இன்னொரு தலைவலி. நெல்வயல் நடுவே இருப்பதால் பசும்புல்லுக்குப் பஞ்சமில்லை என்று நினைப்போம். குறுவை வரப்பில் புல் அறுத்துக் கட்டு கொண்டுவருகிறவரிடம் அந்த வயலுக்கு மருந்து எப்போது அடித்தார்கள் என்று யார் கேட்பது? வைக்கோல் சுருட்டும் இயந்திரம் வந்த பிறகு, மழையில் நனைந்த சுருள் உள்ளே பூசணம் பிடித்திருப்பது பிரித்தால்தான் தெரிகிறது. ஆகவே ஆல், அரசு, அகத்தி, கல்யாணமுருங்கை என்று தழைத் தோப்பு ஒன்று பூங்காவுக்குச் சொந்தமாக வேண்டும். முதல் விலங்கு வருவதற்கு மூன்று, நான்கு வருடத்துக்கு முன்பே அது நட்டிருக்க வேண்டும்.

எந்த மரம் என்பதும் சாதாரணக் கேள்வி இல்லை. 2018 நவம்பர் 16 விடியலை நம் பக்கத்தில் மறந்தவர் கிடையாது. கஜா புயல் போன பிறகு கோடியக்கரையில் மரங்கள் சாய்ந்து கிடந்தன, வெளிமானும் மட்டக்குதிரையும் செத்து ஒதுங்கின. அடைப்பிடத்து வேலி ஓரத்தில் சீக்கிரம் வளருமே என்று குல்மொஹரையும் தூங்குமூஞ்சியையும் நட்டு வைத்தால், அடுத்த புயலில் மரம் விழுந்து வேலி திறக்கும். பூவரசு, புன்னை, இலுப்பை, மருது என்று ஆற்றங்கரையும் கடற்கரையும் பழக்கிய மரங்கள் இருக்கின்றன. மெதுவாகத்தான் வளரும். அதனால்தான் முதலில் நடச் சொல்கிறேன்.

விலங்கு வேண்டும் என்று வெளியே தேடிப்போக வேண்டிய அவசியமும் நமக்கு இல்லை, அது தானாக வந்து கதவைத் தட்டுகிறது. கொள்ளிடத்து முதலை ஊருக்குள் வந்தால் பிடித்துக்கொண்டு போய் சிதம்பரம் பக்கம் வக்காரமாரி ஏரியில் விடுகிறார்கள். திருச்சி விமான நிலையத்தில் பெட்டிக்குள் வைத்த ஆமைக்குஞ்சுகள் ஆயிரக்கணக்கில் பிடிபட்டிருக்கின்றன. அந்த வெளிநாட்டுச் சிவப்புக்காது ஆமையைப் பரிதாபப்பட்டு ஒருவர் காவிரியில் விட்டாலும் நம் ஊர் ஆமைக்கு ஆபத்து. எதை ஏற்பது, எதைத் திருப்பி அனுப்புவது, ஏற்றதை எத்தனை நாள் தனிக்கூடத்தில் வைப்பது என்று எழுத்தில் முடிவு செய்து வைத்த ஒருவர் வேண்டும். ராத்திரி பதினோரு மணிக்கு போன் வரும்போது அந்த முடிவை எடுக்க முடியாது. பூங்கா வந்தால், காவிரியின் நீர்நாயையும் இப்படிக் காயத்தோடு வருகிறவற்றையும் வைத்தே தொடங்கலாம் என்பது என் கருத்து. சிங்கம் கிடைக்காத வருத்தம் டீக்கடைக்கு இருக்கும், பரவாயில்லை.

செடியையும் விலங்கையும் சேர்த்தே பார்ப்பது நமக்குப் புதிதில்லை. தஞ்சை மன்னர் இரண்டாம் சரபோஜி காலத்தில் வரைந்த மூலிகைப் படங்களையும் பறவை, விலங்குப் படங்களையும் தஞ்சாவூர் சரஸ்வதி மகால் நூலகத்தில் பாதுகாத்து வைத்திருக்கிறார்கள். உங்கள் அலுவலர்களை ஒருநாள் அழைத்துப் போய்க் காட்டுங்கள்.

கேட்பது இவ்வளவுதான். கட்டட டெண்டருக்கு முன், விலங்குக்கும் செடிக்கும் சேர்த்துப் பொறுப்பான அந்த ஒரு ஆளை நியமியுங்கள். அவர் விலங்கு படித்தவராக இருந்தால் கூடவே செடி தெரிந்த ஒருவரைக் கொடுங்கள்; ஆனால் கையெழுத்து ஒன்றாக இருக்கட்டும். ஒரு செடி நடுவதும் ஒரு கிளை வெட்டுவதும் அந்தக் கையெழுத்து இல்லாமல் நடக்கக் கூடாது. கீப்பரும் தோட்டக்காரரும் காலையில் ஒரே இடத்தில் ஆஜர் கொடுக்கட்டும். பாதிச் சேதி அங்கேயே பேசித் தீர்ந்துவிடும்.

என் வீட்டுக் கொல்லையில் நாற்பது இலுப்பைக் கன்றுகள் பையில் நிற்கின்றன. எந்த ஊர் மரத்து விதை, எந்தத் தேதியில் பொறுக்கியது என்று ஒவ்வொன்றிலும் சீட்டு கட்டியிருக்கிறேன். புரட்டாசிக்குள் வண்டியோடு ஆள் அனுப்புங்கள், கொடுத்துவிடுகிறேன். அதற்கு மேல் தாமதித்தால் வேர் பையைக் கிழித்துக்கொண்டு என் கொல்லைக்குள்ளேயே இறங்கிவிடும்.

இப்படிக்கு,
கொடிக்கால்காரர் மகன் ஒருவன்