பற்றவைப்பு ஆய்வுக்கு நாள் குறிக்கும் பொறியாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய திட்டப் பொறியாளர்களுக்கும் தர மேலாளர்களுக்கும்,

வணக்கம். வெல்டிங் முடிந்த கையோடு, உலோகத்துக்குள் ஒலியலைகளை அனுப்பி மறைந்திருக்கும் குறைகளைத் தேடும் அல்ட்ராசோனிக் சோதனைக்கு ஆளை வரவழைத்து, அன்று மாலைக்குள் 'குறை ஏதும் இல்லை' என்ற அறிக்கையை எதிர்பார்ப்பது பல உற்பத்திக் கூடங்களில் வழக்கமாகிவிட்டது. அந்த அறிக்கையை எவ்வளவு நம்பலாம் என்பது ஆய்வாளரின் திறமையை மட்டும் பொறுத்ததன்று. அவர் வந்து சேர்வதற்கு முன்பே நீங்கள் எடுத்துவிட்ட முடிவுகளையும் பொறுத்தது.

குறை இருந்தால் எதிரொலி வரும், இல்லாவிட்டால் திரை வெறுமையாக இருக்கும் என்றே பலரும் எண்ணுகிறார்கள். ஆனால் ஒலியை அனுப்பி எதிரொலியை வாங்கும் புரோபுக்கும் எஃகுக்கும் இடையே ஜெல் சரியாகப் படியாதபோதும், தெறித்து ஒட்டிக்கொண்ட உலோகத் துளிகளின் மேல் புரோப் ஏறி நிற்கும்போதும், விரிசல் ஒலிக்கற்றைக்கு முகம் காட்டாமல் சாய்ந்திருக்கும்போதும் திரை வெறுமையாகத்தான் இருக்கும். ஆகவே மேற்பரப்பைத் தேய்த்துச் சுத்தம் செய்வதற்கும், அளவுக் கட்டையில் (அளவுகள் முன்பே தெரிந்த மாதிரித் துண்டில்) கருவியைச் சரிபார்ப்பதற்கும், வேலையின் நடுவிலும் முடிவிலும் அதை மறுபடி சரிபார்ப்பதற்கும் ஆகும் நேரத்தை வீண் தாமதம் என்று தயவுசெய்து கணக்கிடாதீர்கள்.

இடவசதியைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். 20 மி.மீ. தடிமனுள்ள தகட்டில் 60 பாகை புரோபை, அதாவது செங்குத்திலிருந்து 60 பாகை சாய்வாக ஒலியை அனுப்பும் புரோபை வைத்தால், ஒலிக்கற்றை ஏறத்தாழ 35 மி.மீ. தள்ளி அடிப்பரப்பைத் தொடுகிறது. அங்கே பட்டுத் திரும்பி மேற்பரப்பை எட்டும்போது சுமார் 70 மி.மீ. கடந்திருக்கும். இணைப்பின் அடியிலுள்ள வேர்ப்பகுதியை முதல் வீச்சிலும் மேற்பகுதியைத் திரும்பும் வீச்சிலும் பார்க்க வேண்டியிருப்பதால், புரோப் பின்வாங்கிச் செல்ல அந்த 70 மி.மீ.க்கும் கூடுதலான வெற்றிடம் இருபுறமும் தேவை. வரைபடத்தில் இருக்கிறதே என்று 50 மி.மீ. தொலைவில் ஒரு பிராக்கெட்டை (தாங்குதுண்டை) முன்கூட்டியே பற்றவைத்துவிட்டால், அந்தப் பக்கத்திலிருந்து இணைப்பின் மேற்பகுதியை அந்தப் புரோபால் பார்க்கவே முடியாது. அப்படியானால் குறைந்த இடமே போதுமான 45 பாகை புரோபை எடுத்துக்கொள்ளலாமே என்பீர்கள். ஆனால் செங்குத்திலிருந்து 30 பாகை சரிவாகச் சீவிய விளிம்பில் உலோகம் உருகிச் சேராமல் விட்ட தட்டையான குறையை 60 பாகைக் கற்றைதான் நேராகச் சந்திக்கும். 45 பாகைக் கற்றை அதில் பட்டு வேறு திசைக்கு விலகிப்போகும். எக்ஸ்ரே படத்தில் பெரும்பாலும் சிக்காத இந்த வகைக் குறைக்காகத்தானே அல்ட்ராசோனிக் சோதனையையே நாடுகிறோம்? எனவே ஆய்வு முடிந்த பிறகே பிராக்கெட்டைப் பொருத்தும்படி வேலை வரிசையை மாற்றுங்கள்.

பிராக்கெட் போன்ற துணைப்பாகங்களின் வெல்டையும் அலட்சியப்படுத்த வேண்டாம். 1980 மார்ச் 27 அன்று வடகடலில் எண்ணெய்த் தொழிலாளர்கள் தங்கியிருந்த அலெக்சாண்டர் கீலண்ட் என்ற மிதக்கும் மேடை கவிழ்ந்து 123 பேர் உயிரிழந்தார்கள். முறிந்த தாங்குகுழாயில் விரிசல் தொடங்கியது, நீருக்கடியில் ஒலியைக் கேட்கும் ஹைட்ரோஃபோன் கருவியைத் தாங்குவதற்காகப் பொருத்திய சிறு துணைப்பாகத்தின் ஃபில்லெட் வெல்டில் (இரு பாகங்கள் சேரும் மூலையில் இடும் வெல்டில்). முறிவுப் பரப்பில் பெயின்ட் படிந்திருந்ததால், பெயின்ட் அடிப்பதற்கு முன்பே அங்கே விரிசல் இருந்தது தெரியவந்தது. இவ்வளவு சிறிய ஃபில்லெட் வெல்டுக்கு அல்ட்ராசோனிக்கைவிட, காந்தமூட்டிய எஃகில் இரும்புத்துகளைத் தூவி மேற்பரப்பு விரிசலைக் காட்டும் காந்தத்துகள் சோதனையே பொருத்தமானது; எந்த முறையானாலும், முக்கியமில்லாத பாகம் என்று சொல்லி ஆய்வுப் பட்டியலிலிருந்து அதை நீக்குவது சரியன்று.

அடுத்தது காத்திருப்பு. தடிமனான, வலிமை மிகுந்த எஃகில் வெல்டிங்கின்போது நுழைந்த ஹைட்ரஜன், உலோகம் குளிர்ந்த பின்னும் மெல்ல நகர்ந்து, பல மணி நேரம் கழித்தே விரிசலை உண்டாக்கக்கூடும். விதிமுறைகள் பல சமயம் 48 மணி நேரம் காத்திருக்கச் சொல்வது இதனால்தான். அதற்கு முன்பே சோதித்துப் பெறும் அறிக்கை, இனிமேல் தோன்றப்போகும் விரிசலைப் பற்றி எதையும் சொல்லாது.

இறுதியாக ஒரு வேண்டுகோள். ஒவ்வொரு அறிக்கையிலும் 'சோதிக்க இயலாத பகுதி' என்று தனி இடம் ஒதுக்கி, எந்த இணைப்பில், எந்தப் பக்கம், எத்தனை மி.மீ. நீளம், என்ன தடையால் விடுபட்டது என்பதை ஆய்வாளர் எழுதும்படி ஒப்பந்தத்திலேயே கேளுங்கள். அதை எழுதுபவரை வேலை தெரியாதவர் என்று ஒதுக்கிவிட்டு, எழுதாமல் கையெழுத்திடும் வேறொருவரைத் தேடிப் போகாதீர்கள். விடுபட்ட பகுதி எது என்று தெரிந்தால்தான் வேறு கோணத்திலோ வேறு முறையிலோ அதைச் சோதித்துவிட்டுப் பணியை ஒப்படைக்க உங்களால் முடியும்.

இப்படிக்கு,
பற்றவைப்பு ஆய்வாளர் ஒருவர்