கோரிக்கை மனு: இறுதியாண்டு புராஜெக்டை உள்ளூர்த் தொழில்களோடு இணைக்க வேண்டுதல்

அனுப்புநர்:
மெர்ச்சண்டைசிங் பிரிவு மேலாளர்,
பின்னலாடை ஏற்றுமதி நிறுவனம், திருப்பூர்.

பெறுநர்:
அரசுச் செயலாளர் அவர்கள்,
உயர்கல்வித் துறை, தலைமைச் செயலகம், சென்னை – 600 009.

பொருள்: அரசு கலை, அறிவியல் கல்லூரி மாணவர்களின் மென்திறன் வளர்ச்சி – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மா,

வணக்கம். மெர்ச்சண்டைசர் வேலைக்கு, அதாவது ஆர்டர் கொடுக்கும் பையருக்கும் (வாங்குபவருக்கும்) தொழிற்சாலைக்கும் நடுவில் நின்று ஆர்டரைக் கவனிக்கும் வேலைக்கு, வரும் பட்டதாரிகளை நேர்காணல் செய்து, வேலை பழக்கிவிடுவது என் பொறுப்பு. பி.காம்., பி.பி.ஏ. முடித்துவரும் பிள்ளைகளுக்குக் கணக்கு தெரிகிறது, கம்ப்யூட்டர் தெரிகிறது. ஆனால் டையிங்கில் (சாயமேற்றுவதில்) ஷேடு மாறி, ஷிப்மென்ட் நான்கு நாள் தள்ளிப்போகிறது என்றால், அதை வெளிநாட்டு பையருக்கு எப்படி எழுதுவது என்று திகைத்து நிற்கிறார்கள். சிலர் பயந்துபோய்ச் சொல்லாமலே விட்டுவிடுகிறார்கள். தாமதத்தைவிட அந்த மௌனம்தான் ஆர்டரைக் கெடுக்கும். கட்டிங் மாஸ்டரிடம் பேசி வேலை வாங்கவும் தயங்குகிறார்கள். பிள்ளைகளைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. பழகிப் பார்க்க அவர்களுக்கு இடமே கிடைக்கவில்லை.

மாணவர்களுக்குத் திறன் பயிற்சி தர 2022-இல் தமிழக அரசு தொடங்கிய நான் முதல்வன் திட்டத்தை மனதார வரவேற்கிறேன். ஆனாலும் பேச்சும் பொறுப்பும் வகுப்பில் கேட்டுத் தேர்வெழுதுவதால் மட்டும் வருவதில்லை. நம் வேலைக்காக இன்னொருவர் காத்திருக்கும்போதுதான் வருகின்றன. டென்மார்க்கின் ஆல்போர்க் பல்கலைக்கழகம் 1974-இல் தொடங்கியபோதே, மாணவர்கள் குழுவாகச் சேர்ந்து நிஜமான சிக்கல்களை ஆராயும் புராஜெக்டுகளைப் படிப்பின் மையமாக வைத்தது. திருப்பூரில் அதற்கு என்ன குறை? நிட்டிங், டையிங், பிரின்டிங், எம்பிராய்டரி என எல்லாம் ஒரே ஊரில் இருக்கின்றன. ஆனால் நேர்காணலுக்கு வரும் பலரின் புராஜெக்ட், பழையதன் தலைப்பை மாற்றி ஸ்பைரல் பைண்டிங் போட்டதாகவே இருக்கிறது.

ஆகவே இறுதியாண்டில் ஒரு பருவம் முழுக்க, நான்கைந்து பேர் கொண்ட குழு ஓர் உள்ளூர் நிறுவனத்தின் உண்மையான சிக்கலை எடுத்துச் செய்ய ஆணையிட வேண்டுகிறேன். ஒரு பேராசிரியரும் நிறுவனத்தில் ஒருவரும் வாராவாரம் குழுவோடு உட்கார்ந்து பேச வேண்டும். மதிப்பெண்ணில் பாதியாவது குழுவாக வேலை செய்த விதத்துக்கும், நிறுவனத்தார் முன்னால் விளக்கிச் சொல்வதற்கும் போகட்டும். பேராசிரியருக்கு இதைப் பாடவேளையாகவே கணக்கிட வேண்டும். கூடுதல் சுமையாக வைத்தால் திட்டம் காகிதத்தோடு நின்றுவிடும். அப்புறம், மாணவர்களை இலவச வேலையாட்களாகப் பயன்படுத்தாதபடி விதி வேண்டும். போக்குவரத்துச் செலவும் மாணவிகளின் பாதுகாப்பும் அந்த ஆணையிலேயே இடம்பெற வேண்டும்.

முதற்கட்டமாகத் திருப்பூர், கோவை மாவட்டங்களில் தொடங்கலாம். எங்கள் பிரிவில் இரண்டு குழுக்களுக்கு இடம் தர நிர்வாகம் சம்மதித்துள்ளது.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
(கையொப்பம்)