பழைய துறைமுகத்தில் தோணிகளைக் கரையேற்றிப் பழுதுபார்க்கச் சாய்தளம் வேண்டி மனு

அனுப்புநர்:
தோணித் தண்டல்கள் (தோணியைச் செலுத்தும் தலைவர்கள்), ஓடாவிகள் (தோணி கட்டும் தச்சர்கள்), கலப்பத்து (பலகை இடுக்கைப் பஞ்சால் அடைக்கும்) வேலையாட்கள்,
தூத்துக்குடி.

பெறுநர்:
உயர்திரு மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்கள்,
தூத்துக்குடி மாவட்டம்.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். மாலத்தீவின் மாலேக்கும் லட்சத்தீவுக்கும் வெங்காயம், உருளைக்கிழங்கு, காய்கறி, ஜல்லி ஏற்றிச் செல்லும் தோணிகள் பழைய துறைமுகத்திலிருந்து புறப்படுகின்றன. ஆனி, ஆடியில் மேற்கிலிருந்து வீசும் கச்சான் காற்று பலத்ததும் ஓட்டம் நின்றுவிடும். மராமத்து பார்க்க எங்களுக்குக் கிடைப்பது அந்த மாதங்கள்தான். எல்லாத் தோணிகளும் ஒரே சமயத்தில் கரைக்கு வருவதால் இடம் போதவில்லை.

நம் கரையில் கடல்நீரின் ஏற்றவற்றம் 1 மீட்டர்கூட இல்லை. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி வெள்ளம் ஏறும் இரண்டு மூன்று நாளில்தான் வெறுந்தோணியை இழுக்க முடியும். அதைத் தவறவிட்டால் பதினைந்து நாள் காத்திருக்க வேண்டும். வரிசையில் கடைசியில் நிற்கும் தோணிக்கு ஆவணியே பிறந்துவிடுகிறது.

கரையேற்றியதும் முதலில் பாசியையும் சிப்பியையும் சுரண்டுவோம். பிறகு பலகை இடுக்கிலுள்ள பழைய பஞ்சை உளியால் தோண்டி எடுத்து, எண்ணெயில் ஊறிய புதுப் பஞ்சுத்திரியைக் கொட்டாப்புளியால் அடித்து இறுக்கி, மேலே எண்ணெயில் காய்ச்சிய குங்கிலியம் பூசுவோம். இடுக்கில் ஈரம் இருந்தால் குங்கிலியம் பிடிக்காது, உரிந்து வரும். நாள்கணக்கில் வெயிலில் கிடந்தாலோ பலகை சுருங்கி, அடித்த பஞ்சே தளர்ந்துவிடும். கீழே நிழற்கூரையும் கேட்பது இந்த இரண்டுக்காகவும்தான். இரும்பாணி துருப்பிடித்த இடத்தில் வங்கு (பலகைகளைத் தாங்கும் விலாக்கட்டை) உளுத்திருக்கும். ஆணியைப் பிடுங்கிப் பார்த்தால்தான் அது தெரியும். அவசரத்தில் இதை விட்டுவிட்டால் நடுக்கடலில் பலகை விலகும். பம்பு ஓடிக்கொண்டிருந்தாலும் அடித்தட்டு வெங்காய மூட்டை நனைந்து அழுகும். ஆளுக்கும் ஆபத்து.

ஆகவே பழைய துறைமுகக் கரையில் ஒரு சாய்தளம் அமைத்துத் தர வேண்டுகிறோம். அதன் கீழ்முனை, நீர் வற்றும் வேளையிலும் மூழ்கியே இருக்க வேண்டும். இல்லாவிட்டால் ஏரா (தோணியின் அடிமரம்) அதன் விளிம்பில் இடித்துப் பிளக்கும். கான்கிரீட்டின் மேல் குறுக்கே மரக்கட்டை பதிக்க வேண்டும். இழுக்க வின்ச்சும் கம்பிவடமும், நிழற்கூரை, குடிநீர்க் குழாய், இரவு விளக்கு ஆகியவையும் தேவை.

வரைபடம் போடும் முன் பொறியாளரை ஒரு பௌர்ணமியன்று கரைக்கு அனுப்பி வையுங்கள். தோணி இழுக்கும் இடத்தில் நின்றே ஆழத்தை அளந்து காட்டுகிறோம்.

இப்படிக்கு,
தண்டல்கள், ஓடாவிகள், கலப்பத்து வேலையாட்கள்